சிறு வணிகமும் சிறு திருத்தங்களும்

ஒரு நாட்டின் செல்வநிலையைப் பற்றிப் பேசப் புகுவோர் ஆலைகளையும் வங்கிகளையும் துறைமுகங்களையும் எடுத்துக் கூறுதல் வழக்கம். அவை பேசத்தக்கனவே. ஆயினும், விடியற்காலையில் வாயிலில் நீர் தெளித்துக் கதவு திறந்து இரவு பத்து மணிக்குக் கல்லாப்பெட்டியைப் பூட்டும் மளிகைக் கடைக்காரரும், தள்ளுவண்டியிற் காய்கறி விற்கும் அம்மையாரும், இரண்டு தையற்பொறிகளை வைத்துப் பள்ளிச் சீருடை தைப்பவரும், தேநீர்க்கடை நடத்துவோரும் இன்றேல் நம் ஊர்களில் ஒரு நாள் வாழ்வும் செவ்வனே நடவாது. இத்தகையோருடைய வரவு செலவுகளைக் கருத்தூன்றி ஆராய்வோர் மிகச் சிலரே.

இவர்களிற் பலரிடத்து ஒரு புதிரைக் காணலாம். உழைப்பிற் குறைவில்லை, நாணயத்திற் குறைவில்லை, வாடிக்கைக்காரர் வரவும் ஒருவாறு உண்டு. இருந்தும் ஆண்டுதோறும் அலமாரிகளிற் சரக்குக் குறைகின்றது. மொத்த வியாபாரியிடம் நிலுவை ஏறுகின்றது. ஒரு நாள் கடை மூடப்படுகின்றது. இதனை 'முதல் கரைந்துவிட்டது' என்று வணிகர் கூறுவர். எவ்வாறு கரைந்தது என வினவினால், 'காலம் சரியில்லை' என்பதே பெரும்பாலும் கிடைக்கும் விடை. காலம் சரியில்லாமையும் உண்மையாகலாம். ஆனால், அக்காலத்திலேயே, அத்தெருவிலேயே, அதே சரக்கை விற்கும் மற்றொரு கடை நிலைத்து நிற்கின்றதே, அஃது எவ்வாறு? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நலிந்த சிறு வணிகம் பெரும்பாலும் ஒரு பெருந்துளையால் அழிவதன்று. ஊசித்துளைகள் பலவற்றால் அழிவது. அத்துளைகளை அடைப்பதற்குப் பெருஞ்செலவோ பெருங்கல்வியோ வேண்டா. சிறு திருத்தங்கள் சிலவே போதும். இஃது என் துணிபு.

இவ்விஷயத்தைக் கல்லூரி மலரில் எழுதுவானேன் என்று சிலர் நினைக்கலாம். நம் வகுப்புகளில் அமர்ந்திருக்கும் மாணவ மாணவியரிற் பலருடைய கட்டணம் இத்தகைய கல்லாப்பெட்டிகளிலிருந்தே வருகின்றது. கடை தளர்ந்தால் வீட்டில் முதலில் குறைவது படிப்புச் செலவு. அதிலும் பெண் பிள்ளையின் படிப்பு. ஆதலின் கடைக்கணக்கு என்பது வணிகவியல் மாணவர் மட்டும் கற்றுத் தேர்வெழுதும் ஒரு பாடமன்று. நம்முடைய வாழ்க்கையோடு நெருங்கிய தொடர்புடையதாகும்.

முதலாவது, 'சிறு வணிகர்க்கு வேண்டுவது பணமே; அறிவுரை யார்க்கு வேண்டும்?' என்னும் கூற்றை நோக்குவோம். இக்கூற்றில் உண்மை உண்டு. இலங்கையில் 2005-ஆம் ஆண்டிலிருந்து டி மெல், மெக்கென்சி, உட்ரஃப் என்னும் மூன்று பொருளியலறிஞர் ஒரு சோதனை நடத்தினர். குலுக்கல் முறையில் தெரிந்தெடுத்த மிகச் சிறு தொழிலாளர்க்கு அந்நாட்டு நாணயத்தில் 10,000 அல்லது 20,000 ரூபாயைப் பணமாகவோ கருவியாகவோ சரக்காகவோ நன்கொடையாக அளித்து, பின்னர் அவர்களுடைய வருவாயைத் தொடர்ந்து அளந்தனர். அம்முதல் சராசரியாக மாதம் நூற்றுக்கு ஐந்து அளவில் ஊதியம் தந்ததென்று 2008-இல் வெளியிட்டனர். எந்த வங்கியும் கேளாத வட்டி விகிதம் அது! ஆகவே, சிறு வணிகர் கையிற் பணம் வீணாகும் என்பது பொய்யாயிற்று. ஆனால், அவ்வாராய்ச்சியிலேயே மற்றொரு செய்தியும் உண்டு. பெண்கள் நடத்திய தொழில்களில் அந்நன்கொடை சராசரியாக ஊதியம் தரவில்லை. இதனை மீண்டும் ஆராய்ந்த வேறு சில அறிஞர், பெண்ணின் பெயரால் வந்த முதல் வீட்டிலுள்ள ஆண்மகனுடைய தொழிலுக்குச் சென்றுவிடுவதே இதற்குப் பெருங்காரணம் என்று 2019-இல் காட்டினர். வந்த பணம் எங்கே சென்றது என்பதற்குத் தனிக்கணக்கு இல்லாவிடத்து, முதல் வந்தும் அது கடையில் நில்லாது. ஓட்டைப் பானையில் நீர் வார்ப்பதற்கு முன் ஓட்டையை அடைத்தல் அறிவுடைமை.

ஆகவே, முதற்றிருத்தம் வீட்டுப் பணத்தையும் கடைப் பணத்தையும் பிரித்தல். காலையில் பாலுக்கு நாற்பது, பிள்ளைக்குப் பேருந்துக்கு இருபது, உறவினர் திருமணத்திற்கு மொய் ஐந்நூறு என்று கல்லாவிலிருந்து எடுப்பவர், மாலையில் எஞ்சியதை 'இன்றைய வியாபாரம்' என்று எண்ணுகின்றார். அஃது இன்றைய வியாபாரமன்று. வியாபாரமும் குடும்பமும் சண்டையிட்டு எஞ்சிய மிச்சம். இதற்கு மருந்து எளிது. இரண்டு பெட்டிகள் வேண்டும். கடைப்பெட்டியிலிருந்து கடைக்காரர் தமக்கென நாளொன்றுக்கு அல்லது வாரமொன்றுக்குக் குறிப்பிட்ட ஒரு தொகையைக் கூலியாக எடுத்து வீட்டுப்பெட்டியில் இடவேண்டும். அதற்குமேல் எடுக்க நேர்ந்தால், கடைக்குத் தாம் பட்ட கடனாக அதை எழுதவேண்டும். இன்று கைப்பேசி வாயிலாகப் பணம் பெறும் வழக்கம் பெட்டிக்கடை வரையில் வந்துவிட்டது. யூ.பி.ஐ. என்னும் அம்முறை 2016-இல் தொடங்கியது. அப்பணம் பெரும்பாலும் கடைக்காரருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கிலேயே விழுகின்றது. அதே கணக்கிலிருந்து மின்கட்டணமும் நகைக்கடன் வட்டியும் செல்கின்றன. கடைக்கெனத் தனி வங்கிக் கணக்கு ஒன்றைத் திறந்து, அதற்குரிய கட்டத்தாளை மட்டும் கடையில் ஒட்டிவைப்பின், இரண்டாவது பெட்டி தானே அமைந்துவிடும்.

இம்முறை வெறும் பாட்டி சொல் அன்று. டொமினிக்கன் குடியரசில் சிறு வணிகர் பலரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு முறையான கணக்கியற் பாடமும், மற்றொரு பிரிவினர்க்கு 'கடைப் பணம் ஒரு பெட்டி, வீட்டுப் பணம் ஒரு பெட்டி' என்பது போன்ற எளிய விதிகள் சிலவும் கற்பித்து, மூன்றாம் பிரிவினரை வாளா விட்டனர். 2014-இல் வெளிவந்த அவ்வாராய்ச்சியின் முடிவு ஆசிரியராகிய நாம் சிந்திக்கத்தக்கது. எளிய விதிகளைக் கற்றோர் அவற்றைக் கைக்கொண்டனர். அவர்கள் நடைமுறை திருந்திற்று. முறையான பாடம் கேட்டோரிடம் குறிப்பிடத்தக்க மாறுதல் காணப்படவில்லை. நிறையக் கற்பிப்பதைவிடக் கைக்கொள்ளத்தக்கதைக் கற்பிப்பது மேல் என்பது இதனாற் போதரும்.

இரண்டாவது திருத்தம் எழுதுதல். நம் நாட்டு வணிகர்க்குக் கணக்கு புதிதன்று. சிட்டை, பேரேடு, ஐந்தொகை என்னும் சொற்களே அதற்குச் சான்று. நகரத்தார் பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் கொண்டுவிற்ற காலத்தில், ஆயிரம் கல்லுக்கு அப்பாலுள்ள கடையை ஊரிலிருந்தவாறே நடத்தியது அன்றாடம் எழுதிய கணக்கின் வலிமையாலன்றோ? இன்றோ, பேரப்பிள்ளைகளின் கடையில் வரவு மனத்தில், செலவு மறதியில் என்றாகிவிட்டது. பெரிய பேரேடு வேண்டா. நாற்பது பக்கக் குறிப்பேடு ஒன்றில் ஒவ்வோர் இரவும் நான்கு வரிகள் எழுதினாற் போதும்: இன்று ரொக்கமாகவும் கைப்பேசி வழியாகவும் வந்தது, இன்று கொள்முதலுக்குக் கொடுத்தது, இன்று கடனாகச் சென்றது, இன்று தமக்கென எடுத்தது. ஐந்து நிமிட வேலை. ஒரு மாதம் இவ்வாறு எழுதியவர், வாரத்தில் எந்நாள் விற்பனை மிகும், எச்சரக்கு நாள்தோறும் செல்லும், எவரிடம் பாக்கி ஏறுகின்றது என்பவற்றைத் தாமே காண்பர். வங்கியிற் கடன் கேட்கச் செல்லும்போது அக்குறிப்பேடு அவர்க்குச் சாட்சியாகவும் நிற்கும்.

மூன்றாவது, விலை வைக்கும் முறை. இவ்விடத்துள்ள ஒரு சிறு பிழை கடைகள் பலவற்றை ஓசையின்றி அழிக்கின்றது. அதை ஒரு கணக்கினால் விளக்குவேன். ஒருவர் 100 ரூபாய்க்கு வாங்கிய சரக்கை 20 ரூபாய் கூட்டி 120-க்கு விற்கின்றார். 'எனக்கு நூற்றுக்கு இருபது இலாபம்' என்று அவர் மனத்திற் கொள்கின்றார். நாளொன்றுக்குக் கல்லாவில் 5,000 ரூபாய் சேர்கின்றது. நூற்றுக்கு இருபது என்ற நினைவால், 1,000 ரூபாய் நமதென்று எடுத்துச் செலவிடுகின்றார். ஆனால், 120-க்கு 20 என்பது ஆறில் ஒரு பங்கு. ஆகவே 5,000 ரூபாயில் உண்மையான மிகுதி 833 ரூபாயே. எஞ்சிய 167 ரூபாய் முதலிலிருந்து எடுத்ததாகும். மாதம் முப்பது நாளில் ஏறத்தாழ 5,000 ரூபாய் முதல் கரைகின்றது. ஒரு லட்சம் ரூபாய் முதலுடன் தொடங்கியவர் இருபது மாதத்தில் வெறுங்கையராவர். இதற்குள் ஒரு நாளேனும் நஷ்டத்திற்கு விற்றிரார்! கடை வாடகையும் மின்கட்டணமும் அந்த 833-க்குள்ளேயே அடங்கவேண்டும் என்பதையும் சேர்த்து எண்ணினால் அழிவு இன்னும் விரைவாகும். வாங்கிய விலையின்மேல் கூட்டுவது ஒன்று. விற்ற தொகையில் நிற்பது வேறொன்று. இவ்வேறுபாட்டை அறிந்துகொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்.

தள்ளுபடியும் இதனோடு சேர்ந்தது. எதிர்க்கடைக்காரர் விலையைக் குறைத்தார் என்று தாமும் குறைப்பது சிறு வணிகர் இயல்பு. 80-க்கு வாங்கி 100-க்கு விற்பவர், ஐந்து ரூபாய் தள்ளி 95-க்கு விற்றால், பொருளொன்றுக்கு 20 ரூபாய் நின்ற இடத்தில் 15 நிற்கும். பழைய மிகுதியைப் பெறுவதற்கே அவர் முன்னைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகமாக விற்கவேண்டும். பத்து ரூபாய் தள்ளினால் இரு மடங்கு விற்கவேண்டும். அத்துணைப் புதிய வாடிக்கைக்காரர் அத்தெருவில் உளரா என்று எண்ணிப் பார்த்தபின் தள்ளுவதே தகும். விலையில் பெருங்கடைகளோடு போட்டியிட்டு வெல்லல் சிறு கடைக்கு அரிது. அவற்றால் இயலாதன சில சிறு கடைக்கு எளியன: நூறு கிராம் பருப்பும் கொடுத்தல், வாடிக்கைக்காரர் கேட்டதை மறுநாள் வருவித்தல், முதியவர் வீட்டிற்குப் பையன் கையில் அனுப்புதல், பெயர் சொல்லி விசாரித்தல். இவற்றிற்குச் செலவு சிறிது. இவற்றைக் கண்டு வருவோர் ஒரு ரூபாய்க்காக வேறிடம் செல்லார்.

நான்காவது, சரக்கு சுழலும் வேகம். 10,000 ரூபாய்ச் சரக்கை வாங்கி, நூற்றுக்குப் பத்துக் கூட்டி, மாதம் ஒருமுறை விற்றுத் தீர்ப்பவர் ஆண்டில் 12,000 ரூபாய் பெறுவர். அதே 10,000 ரூபாயைப் பத்து நாளுக்கொருமுறை சுழற்றுபவர் 36,000 பெறுவர். முதல் ஒன்றே, சுழற்சி வேறு. ஆகவே, 'மொத்தமாக எடுத்தால் விலை குறையும்' என்ற ஆசையால் ஆறு மாதத்திற்குரிய பொருளை அடுக்கிவைத்தல் இலாபமன்று. அலமாரியின் மேற்றட்டில் தூசி படிந்திருக்கும் பொருள் ஒவ்வொன்றும் உறங்கும் பணமேயாம். மாதத்தில் ஒரு நாள் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்து, அறுபது நாள் அசையாத பொருள்களை எழுதி, வாங்கிய விலைக்கேனும் விற்றுப் பணமாக்கி, நாள்தோறும் செல்லும் பொருளில் இடுதல் நன்று. முன் வந்த சரக்கை முன்னே விற்றலும், காலாவதித் தேதி நெருங்கியதை முன்வரிசைக்குக் கொணர்தலும் இதனுள் அடங்கும்.

ஐந்தாவது, கடன் கொடுத்தல். இதைப் பற்றிப் பேசுங்கால் கடுமை கூடாது. 'இன்று ரொக்கம், நாளை கடன்' என்று பலகை மாட்டுவது எளிது. ஆனால் நாட்கூலி பெறும் குடும்பங்கள் வாழும் தெருவில் கடன் கொடாத கடை நிலைக்காது, நிலைப்பதும் தகாது. மழை பெய்து வேலையற்ற வாரத்தில் அரிசி கொடுத்து உதவும் கடைக்காரர் அத்தெருவுக்குச் செய்வது பெருந்தொண்டு. ஆயினும் அத்தொண்டுக்கும் அளவு வேண்டும். நூற்றுக்குப் பத்து நிற்கும் வியாபாரத்தில் 100 ரூபாய்ச் சரக்குக் கடனாகச் சென்று திரும்பாவிட்டால், அதில் இழந்த 90 ரூபாய் முதலை மீட்க 900 ரூபாய்க்கு ரொக்கமாக விற்கவேண்டும். ஆதலின் ஒவ்வொரு வீட்டிற்கும் ஓர் உச்சவரம்பு, கூலி வரும் நாளையொட்டி ஒரு தவணை நாள், கடைக்கும் வீட்டிற்கும் ஒன்றுபோன்ற இரண்டு குறிப்பேடுகள் என்னும் மூன்றும் வேண்டும். பழைய பாக்கியிற் பாதியேனும் வந்த பின்னரே புதுக்கடன் என்பதை முகம் வாடாமற் சொல்லப் பழகவேண்டும். இருவர் கையிலும் கணக்கிருப்பின் ஐயமும் சச்சரவும் இல்லை. திருவள்ளுவர் வாணிகரைப் பற்றிய தம் குறளை நடுவுநிலைமை என்னும் அதிகாரத்தில் வைத்ததன் பொருத்தம் இங்கு விளங்கும்.

ஆறாவது, கடன் வாங்குதல். தண்டற்காரரிடம் அன்றாடம் கட்டும் கடன் நம் சந்தைகளில் யாவரும் அறிந்தது. 1,000 ரூபாய் என்று எழுதி 900 ரூபாய் கையில் தருவர். நாளொன்றுக்குப் பத்து ரூபாயாக நூறு நாள் வசூலிப்பர். 'நூறு ரூபாய்தானே வட்டி' என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே கடன் குறைந்து வருவதால், அந்நூறு நாளிலும் சராசரியாக அவர் கையில் நின்ற தொகை 500-க்கும் குறைவே. அதற்கு நூறு நாளில் 100 ரூபாய் வட்டியெனின், ஆண்டுக்கு நூற்றுக்கு எழுபத்தைந்துக்கு மேலாகின்றது! கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டும், இவ்வழக்கம் மறையாமைக்குக் காரணம் உண்டு: தண்டற்காரர் வாயிலுக்கு வருகின்றார், தாள் கேளார், மறுப்பதில்லை. வங்கியோ காத்திருக்கச் செய்கின்றது. ஆயினும், 2015-இல் தொடங்கிய முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரையிலும் ஈடின்றிக் கடன் பெறும் பிரிவு உண்டு. தெரு வணிகர்க்கென 2020-இல் ஏற்பட்ட ஸ்வநிதி திட்டம் 10,000 ரூபாய்க் கடனோடு தொடங்கியது. தவறாது கட்டினோர்க்கு அடுத்த முறை கூடுதற்றொகை தரும் முறையையும் அது வகுத்தது. நாள்தோறும் எழுதிய குறிப்பேடும், கடைக்கெனத் தனியே நடந்த வங்கிக் கணக்கும் உடையவர்க்கு இவ்வாயில்கள் திறத்தல் எளிது. ஒரு தண்டற்கடனை வங்கிக்கடனாக மாற்றிய நாளில், ஒரு பொருளும் கூடுதலாக விற்காமலே, அவருடைய வருவாய் உயர்கின்றது.

ஏழாவது கூறப்போவது மிகச் சிறியது. கேட்போர்க்கு நகைப்பும் தரலாம். அது கல்லாவில் சில்லறை வைத்திருத்தல். கென்யா நாட்டில் சிறு கடைகளை ஆராய்ந்தோர், சில்லறை இன்மையால் விற்பனையைக் கைவிடுதலும், சில்லறை தேடிக் கடையை விட்டுச் செல்லுதலும் ஆகிய இவற்றால் அக்கடைகள் தம் இலாபத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் எட்டு வரை இழந்தன என்று கணக்கிட்டு 2014-இல் வெளியிட்டனர். அதனினும் வியப்பான செய்தி: அக்கடைக்காரரிடம் வாரந்தோறும் 'சில்லறை இன்றி எத்தனை விற்பனை போயிற்று?' என்று கேட்டதே அவர்களைத் திருத்திவிட்டது. கேள்வி பிறந்தவுடன் கவனம் பிறந்தது. கவனம் பிறந்தவுடன் இழப்புக் குறைந்தது. நம் நாட்டில் 2016 நவம்பர் 8-இல் 500, 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவிக்கப்பட்ட பின் சில வாரங்கள் சிறு வணிகர் பட்ட பாட்டை நினைவுகூர்வோர், சில்லறையின் அருமையை உணர்வர். கைப்பேசிப் பணம் இக்குறையைப் பெரிதும் தீர்த்துள்ளதாயினும், கைப்பேசியில்லா முதியவரும் சிறுவரும் இன்றும் நாணயத்தோடுதான் கடைக்கு வருகின்றனர்.

நிற்க. இதுகாறும் கூறியவற்றிற்கு ஒரு மறுப்பு எழும். 'வாடகை ஏறுகின்றது, பெருங்கடைகளும் வீட்டு வாயிலுக்கே சரக்கனுப்பும் நிறுவனங்களும் பெருகுகின்றன, இந்நிலையில் ஏழைக் கடைக்காரரிடம் சென்று, குறிப்பேடு எழுது, சில்லறை வை என்பது புண்பட்டவர்க்குப் போதனை செய்வதாகாதோ?' இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. புறவழிச்சாலை வந்து போக்குவரவு மாறிய தெருவிலுள்ள தேநீர்க்கடையை எந்தக் குறிப்பேடும் காவாது. பொருளை வாங்கிக்கொண்டு ஆறு மாதம் பணம் கொடாத பெருநிறுவனத்தால் நலியும் சிறு பட்டறையைச் சிக்கனம் மட்டும் மீட்காது. அத்தகைய சிறு உற்பத்தியாளர்க்கு 45 நாளுக்குள் பணம் செலுத்தப்படவேண்டும் என்றும், தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கில் கூட்டுவட்டி தரவேண்டும் என்றும் 2006-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகின்றது. ஆனால், அடுத்த ஆணை கிடையாதோ என்று அஞ்சி வாய்திறவாதோர் பலர். இவையெல்லாம் அரசும் சமுதாயமும் செய்யவேண்டிய திருத்தங்கள். அவற்றைக் கேட்பதை நாம் விட்டுவிடலாகாது.

ஆயினும், பெருந்திருத்தம் வரும்வரையில் சிறு திருத்தம் காத்திருக்கவேண்டும் என்பது எவ்வாற்றானும் பொருந்தாது. மாதம் 5,000 ரூபாய் முதல் கரையும் கடைக்கு, சட்டம் வந்து சேருமுன் சாவே வந்துவிடும். அன்றியும், தன் கணக்கைத் தானே அறிந்தவரே அரசிடமும் வங்கியிடமும் பெருநிறுவனத்திடமும் உரிமையோடு பேசவல்லவர். தெருவே மாறிவிட்டது, இனி இக்கடை நிலையாது என்னும் கசப்பான உண்மையையும் முதல் முழுதும் கரையுமுன் காட்டுவது அக்கணக்கே. உரிய காலத்தில் மூடி வேறு தொழிலிற் புகுவதும் ஒரு வெற்றியே.

சிறியவை சேர்ந்து பெரிதாகும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. விருதுநகர் முதலிய ஊர்களில் நாடார் வணிகர், ஒவ்வொரு சரக்கின்மேலும் சிறு தொகையை மகமை என்று பிரித்துவைத்தனர். தனித்தனியே நோக்கின் யாருக்கும் பாரமில்லாத அத்தொகையே பொதுநிதியாகித் திரண்டு, கல்விச்சாலைகளாக எழுந்து, அடுத்த தலைமுறையைக் கைதூக்கிவிட்டது. அங்கே சிறிது சிறிதாகச் சேர்ந்தது. நலிந்த கடையிலோ சிறிது சிறிதாகக் கரைகின்றது. கணக்கு ஒன்றே, திசை வேறு.

இறுதியாக, நம் கல்லூரிக்கு ஒரு விண்ணப்பம். வணிகவியல் வகுப்பில் பெருங் கம்பெனிகளின் ஐந்தொகையை ஆராயக் கற்கின்றோம். வாயிலுக்கெதிரேயுள்ள கடையின் வரவை அறியாது பட்டம் பெற்றுச் செல்கின்றோம். இரண்டு மாணவர் ஒரு கடை என்னும் முறையில், வாரத்திற்கு ஒரு மணி நேரம், பத்து வாரம் இத்தொண்டைச் செய்யலாகாதா? முதல் வாரங்களில் கேட்பதும் பார்ப்பதுமே நம் வேலையாக வேண்டும். முப்பது ஆண்டு கடை நடத்தியவர்க்குப் பத்தொன்பது வயதுப் பிள்ளை உபதேசம் செய்யப் புகுதல் அடாது. அவர் அறிந்தவற்றுள் நாம் கற்கவேண்டியனவே மிகுதி. பின்னர், அவர் விரும்பும் ஒரே ஒரு திருத்தத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, அது வழக்கமாகும்வரை உடன்நிற்க வேண்டும். ஏழையும் ஒருங்கே சொன்னால் ஒன்றும் நடவாது. கடைக்கணக்கை வெளியிற் கூறோம் என்னும் உறுதி முதலில் வேண்டும்; படமெடுத்துப் பறைசாற்றுதல் அறவே கூடாது. வங்கிகளிற் பணியாற்றும் பழைய மாணவர் தம் ஊர்க் கடைக்காரர் சிலர்க்கேனும் கடன் விண்ணப்பம் நிரப்பித் தரலாம். தணிக்கையாளராயுள்ளோர் மாதமொருமுறை ஐயங்களைத் தெளிவிக்கலாம். ஆசிரியர்கள் இதனை மதிப்பெண்ணுக்குரிய பணியாகவும் ஏற்பாராயின் நன்று.

இவ்வளவும் செய்து, நம் ஊரில் பத்துக் கடைகள் அடுத்த ஆண்டும் திறந்திருக்குமாயின், பத்துக் குடும்பங்களில் அடுப்பு எரியும். பத்துப் பிள்ளைகள் படிப்பை இடையில் நிறுத்தார். அவருள் ஒருவரேனும் நாளை இக்கல்லூரியில் நம்முடன் இருப்பர். இதற்கு வேண்டுவது ஒரு குறிப்பேடும், ஒரு மணி நேரமும், கடைக்காரரை மதிக்கும் மனமுமே. இம்மூன்றும் நம்மிடம் இல்லாதன அல்ல.